பல் விழுந்த கனவுக்கு யாரிடம் பலன் கேட்பது?

கனவில் பல் ஆடுகிறது. நாக்கால் தொட்டதும் கையோடு வந்துவிடுகிறது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, மாதுளை முத்துகளைப் போல உள்ளங்கையில் சேர்கின்றன. திடுக்கிட்டு எழுந்து, விளக்கைக்கூடப் போடாமல் முதல் வேலையாகப் பற்களைத் தடவிப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன். பற்கள் இருந்த இடத்தில் இருந்தன, மனம்தான் இல்லை. அன்றைக்கென்று பார்த்து ஒரு பயணமோ, கையெழுத்தோ, அறுவை சிகிச்சையோ இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போகலாமா, வேண்டாமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் தொழிலுக்குக் குறைந்தது நாலாயிரம் வயது. ஆனால் "அந்தக் காலத்தில் கனவை நம்பினார்கள்" என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. அவர்களுக்குள் ஒத்த கருத்து இருந்ததே இல்லை. ஏட்டைப் புரட்டு என்றார் ஒருவர். கோயிலில் போய்ப் படு என்றார் இன்னொருவர். காசு கொடுத்துக் கேள், நாடியைப் பார், பேசாமல் புரண்டு படு என்று ஆளுக்கொரு வழி. என் பல்லை எடுத்துக்கொண்டு இவர்கள் வாசலில் எல்லாம் ஏறி இறங்கிப் பார்த்தேன். நான் கொண்டுபோன அளவுகோல் ஒன்றுதான்: பதில் சொல்வதற்கு முன் இவர் என்னிடம் என்ன கேட்கிறார்?

ஏடு

எகிப்தில் அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர்கள் வாழ்ந்த ஊர் தெய்ர் எல்-மெதினா. அங்கே கிடைத்த, கி.மு. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கனவு நூல் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அமைப்பு மிக எளிது. "ஒருவன் கனவில் தன்னை இப்படிக் கண்டால்" என்று தொடக்கம். எதிரே "நல்லது" அல்லது "கெட்டது" என்று ஒரு சொல். அதற்குப் பின் பலன். கெட்டது என்ற சொல்லைச் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். பல் விழும் கனவு சிவப்பு மையில்தான் இருக்கிறது: தன்னைச் சார்ந்தவர்களோடு தொடர்புடைய ஒரு சாவு. அவ்வளவுதான். எத்தனை பல், யாருடைய பல், எந்தப் பக்கம் என்ற பேச்சே இல்லை.

அசீரிய மன்னன் அசுர்பனிபாலின் நினிவே நூலகத்தில் இருந்த கனவு நூலும் இதே சாதி. களிமண் பலகைகளில் பதினொன்று. அதில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. பலனோடு நின்றுவிடாமல், கெட்ட கனவின் தீங்கைக் கழிக்கும் சடங்குகளையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். பயமுறுத்துகிறவரே பரிகாரமும் விற்பதா என்று கேட்கலாம். பயமுறுத்திவிட்டுக் கைவிடுவதற்கு அது மேல்.

தமிழிலும் கனா நூல் உண்டு. பொன்னவன் இயற்றியது என்பார்கள். கனவு எந்த யாமத்தில் வந்தது என்பதை வைத்துப் பலனுக்குக் கெடு வைக்கும் பழைய பாட்டு ஒன்றும் உண்டு. முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும். இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்தில். மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்தில். கடைசிச் சாமத்தது பத்தே நாளில். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருக்கிறது. கெடு வைக்கிற குறியைத்தான் சோதித்துப் பார்க்க முடியும். என்ன, ஓராண்டுக் கெடு என்பது ஏமாற்று வேலை. ஓராண்டில் எந்தக் குடும்பத்திலும் ஏதாவது ஒன்று நடக்காமல் இருக்காது. விடியற்காலைக் கனவுக்குப் பத்து நாள் என்றாரே, அவருக்குத்தான் துணிச்சல்.

ஏட்டில் ஒரு நன்மை உண்டு: அதற்குக் காசாசை இல்லை, முகம் பார்த்துப் பேசவும் தெரியாது. குறையும் அதேதான். அரசனுக்கும் கல்தச்சனுக்கும் ஒரே வரி. என்னிடம் அது எதையுமே கேட்கவில்லை.

கோயில் திண்ணை

அடுத்தது, கனவைத் தேடிப் போவது. கிரேக்கத்தில் நோயாளிகள் மருத்துவக் கடவுள் அஸ்க்லெபியஸின் கோயிலில் இரவு படுத்து, அவர் கனவில் வந்து சொல்வதற்காகக் காத்திருப்பார்கள். எபிடாரஸ் கோயிலில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டுகளில் அப்படிக் குணமானவர்களின் கதைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றுள் எனக்குப் பிடித்தவள் ஏதென்ஸ் நகரத்து அம்புரோசியா. ஒரு கண் பார்வை இல்லாதவள். கோயிலைச் சுற்றி வந்தவள், வெறும் கனவு கண்டே முடவனும் குருடனும் குணமானார்களாம் என்று சிரித்திருக்கிறாள். அன்றிரவு கடவுள் கனவில் வந்தார். குணப்படுத்துகிறேன், ஆனால் உன் அறியாமைக்கு நினைவாக ஒரு வெள்ளிப் பன்றி செய்து வைக்க வேண்டும் என்றார். கண்ணைக் கீறி மருந்தும் ஊற்றினார். விடிந்ததும் நலமாகப் போனாள் என்கிறது கல்வெட்டு. சிரித்தவளின் கதையைக் கல்லில் வெட்டி வாசலிலேயே வைத்த அர்ச்சகர்களின் சாமர்த்தியத்தை என்னவென்பது! குணமாகாமல் போனவர்களுக்குக் கல்வெட்டு இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

ஓரோபஸ் என்ற இன்னொரு கிரேக்க ஊரில் ஆம்ஃபியராஸ் கோயிலின் கல்வெட்டோ அலுவலக அறிவிப்பு மாதிரி இருக்கிறது. காணிக்கை ஒன்பது ஓபல் நாணயத்துக்குக் குறையக் கூடாது, நல்ல வெள்ளியாக இருக்க வேண்டும். படுக்க வருகிறவரின் பெயரையும் ஊரையும் எழுதி, எல்லாரும் பார்க்கும்படி பலகையில் வைக்க வேண்டும். ஆண்கள் பலிபீடத்துக்குக் கிழக்கே படுக்க வேண்டும், பெண்கள் மேற்கே. ஆட்டுக்கடாவைப் பலியிட்டு அதன் தோலை விரித்து அதன்மேல்தான் படுக்கை.

கோயில் நிறையவே கேட்கிறது: காசு, பெயர், பொறுமை. ஆனால் என் பல்லைப் பற்றி அது கவலைப்படவே இல்லை. கேள்வி இருந்து கனவு வராதவர்களுக்கான இடம் அது. கனவு வந்து கேள்வி முளைத்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை. அதோடு, அது ஆளை விடாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பேச்சாளர் ஏலியஸ் அரிஸ்டைடிஸ் பெர்கமம் நகரத்து அஸ்க்லெபியஸ் கோயிலில் தங்கி, கடவுள் கனவில் சொன்னதாகக் கடுங்குளிரில் ஆற்றில் இறங்கினார், இரத்தம் இறக்கிக்கொண்டார், அத்தனையையும் எழுதியும் வைத்தார். படிக்கப் படிக்க, கனவு நோயைத் தீர்த்ததா, நோயே கனவாக நீண்டதா என்ற சந்தேகம் வந்துவிடும்.

கூலிக்குப் பலன்

மூன்றாவது வாசலில்தான் நான் அதிக நேரம் நின்றேன். மனிதரிடம் கேட்பது என்றால் அங்கே எல்லாம் உண்டு: அறிவும், தந்திரமும், பணமும்.

முதலில் பணம். பாபிலோனிய யூதர்களின் தால்முத் என்ற சமய நூலில் பர் ஹெத்யா என்ற பலன் சொல்பவரைப் பற்றி ஒரு கதை வருகிறது. காசு கொடுத்தவருக்கு நல்ல பலன், கொடுக்காதவருக்குக் கெட்ட பலன். அபய்யே, ராவா என்ற இரண்டு அறிஞர்கள் ஒரே கனவுகளைக் கண்டு அவரிடம் போகிறார்கள். அபய்யே ஒரு சூஸ் நாணயம் கொடுக்கிறார்; ராவா கொடுப்பதில்லை. ஒவ்வொரு கனவுக்கும் அபய்யேவுக்கு லாபம், ராவாவுக்கு நஷ்டம் என்றே பலன் வருகிறது. ராவா தனியாகவும் வந்து கேட்கிறார். அவற்றுள் நம் பல் கனவும் உண்டு. "கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் விழக் கண்டேன்" என்கிறார். "உன் மகன்களும் மகள்களும் சாவார்கள்" என்று பதில். இன்னொரு கனவுக்கு, "உன் மனைவி சாவாள்" என்று பதில். கடைசியில் ராவா காசு கொடுக்கத் தொடங்குகிறார். பலன்களும் உடனே இனிக்கத் தொடங்குகின்றன. ஒரு நாள் இருவரும் படகில் போகும்போது பர் ஹெத்யா கையிலிருந்து ஒரு புத்தகம் விழுகிறது. ராவா எடுத்துப் பார்க்கிறார். "எல்லாக் கனவுகளும் வாயைப் பின்பற்றியே போகின்றன" என்று அதில் எழுதியிருக்கிறது. பலன் கனவில் இல்லை, சொல்கிறவன் நாக்கில் இருந்திருக்கிறது. எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறேன், என் மனைவியின் சாவை மட்டும் மன்னிக்க மாட்டேன் என்கிறார் ராவா.

அதே நூலில், எருசலேமில் இருந்த பலன் சொல்பவர்கள் 24 பேரிடமும் ஒரே கனவைச் சொல்லி, 24 வெவ்வேறு பலன்களைப் பெற்று, அத்தனையும் பலித்தன என்று ஒருவர் சொல்கிறார். இதைப் பெருமையாகச் சொன்னாரா, சலிப்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ரோமானிய அறிஞர் சிசரோ சொல்லும் ஓட்டப்பந்தயக் கதையும் இந்த வகைதான். ஒலிம்பியாவுக்குப் போக இருந்த ஒரு வீரன், நான்கு குதிரை பூட்டிய தேரில் தான் போவதாகக் கனவு காண்கிறான். வெற்றி உனக்கே, குதிரையின் வேகம் தெரிகிறதே என்றார் ஒருவர். அடுத்து ஆன்டிஃபோன் என்ற இன்னொரு பலன் சொல்பவரிடம் போனான். உனக்குத் தோல்விதான், உனக்கு முன்னால் நான்கு பேர் ஓடியிருக்கிறார்களே என்றார் அவர்.

சொல்விளையாட்டு இவர்களுக்குக் கைவந்த கலை. கி.மு. 332இல் அலெக்சாந்தர் டயர் நகரை முற்றுகையிட்டு, அது இழுத்துக்கொண்டே போனபோது, தன் கேடயத்தின் மேல் ஒரு சாட்டுரோஸ், அதாவது ஒரு வனதேவன், கூத்தாடுவதாகக் கனவு கண்டான். கூட இருந்த அரிஸ்டாண்டர் அந்தச் சொல்லை இரண்டாக உடைத்தார்: "சா டுரோஸ்", டயர் உன்னுடையது. அலெக்சாந்தர் உற்சாகமாகப் போரைத் தீவிரப்படுத்தி நகரைப் பிடித்தான். இதைக் கனவு பலித்தது என்பதா, படைத்தலைவனுக்குத் தேவையான சொல் தேவையான காலையில் கிடைத்தது என்பதா? தோற்றுத் திரும்பியிருந்தால் அந்தச் சாட்டுரோஸ் நம் காதுவரை வந்திருக்காது.

இந்த வாயாடிகளை மடக்க ஒரே ஓர் அரசன்தான் வழி கண்டுபிடித்திருக்கிறான். பைபிளின் தானியேல் ஆகமத்தில் பாபிலோனிய அரசன் நேபுகாத்நேச்சார், பலன் சொல்பவர்களைக் கூப்பிட்டு, நான் கண்ட கனவையும் நீங்களே சொல்லுங்கள் என்கிறான். கனவைச் சொன்னால் பலன் சொல்கிறோம் என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கனவைச் சொல்ல முடிந்தால் பலனையும் நம்புவேன், இல்லாவிட்டால் வெட்டிப் போடுவேன் என்கிறான். தண்டனை கொடூரம்தான், சோதனையில் பிழை சொல்ல முடியாது.

இத்தனைக்கும் நடுவில் ஒருவர் என்னை உட்கார வைத்துப் பேசினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டின் ஆர்ட்டெமிடோரஸ். எஃபேசஸ் நகரத்தவர், தாயின் ஊரான தால்டிஸுக்கும் பெருமை சேரட்டும் என்று அந்த ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டவர். சந்தைகளிலும் திருவிழாக்களிலும் குறி சொல்பவர்களைப் படித்தவர்கள் ஏளனம் செய்த காலத்தில், அவர்களோடு உட்கார்ந்து, பழைய கனவுகளையும் அவற்றின் முடிவுகளையும் சேகரித்து ஐந்து புத்தகமாக எழுதினார். கடைசிப் புத்தகத்தில் 95 கனவுகள், அவை எப்படி முடிந்தன என்ற விவரத்தோடு.

அவர் முதலில் சலிக்கிறார். பசித்தவன் உண்பதாகக் காண்பதும், காதலன் காதலியைக் காண்பதும் இன்றைய நிலையின் எதிரொலி. அதில் நாளையைப் பற்றி ஒன்றும் இல்லை. தேறியதைப் பற்றிக் கேள்வி கேட்கிறார்: நீ யார், என்ன தொழில், எவ்வளவு சொத்து, உடல்நிலை எப்படி, வயதென்ன, உன் ஊர் வழக்கம் என்ன? ஏன் இத்தனை கேள்வி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டும் வைத்திருக்கிறார். கருவுற்ற ஏழு பெண்கள், ஏழு பேருக்கும் ஒரே கனவு: பாம்பைப் பெற்றெடுப்பதாக. செல்வந்தர் வீட்டுப் பெண்ணின் பிள்ளை பேச்சாளன் ஆனான். பாம்புக்கும் பேச்சாளனுக்கும் இரட்டை நாக்கு. பூசாரி மனைவியின் பிள்ளை பூசாரி ஆனான். குறிசொல்பவரின் மகளுக்குப் பிறந்தவன் குறிசொல்பவன். அடிமைப் பெண்ணின் பிள்ளை வளைந்து நெளிந்து தப்பியோடும் அடிமை. நோயாளிப் பெண்ணின் பிள்ளைக்குக் கைகால் விளங்கவில்லை. ஒருத்தியின் மகன் கொள்ளைக்காரனாகித் தலை வெட்டுப்பட்டான். பாம்பையும் தலையில்தானே அடிக்கிறோம்.

எல்லாம் நடந்து முடிந்த பின் தைத்த சட்டை போல் இருக்கிறது என்று நீங்கள் நினைத்தால், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். இருந்தாலும், கனவைவிடக் கனவு கண்டவர் முக்கியம் என்று இவ்வளவு அழுத்தமாகச் சொன்னவர் வேறு யாரும் என் கண்ணில் படவில்லை.

என் பல்லுக்கு வருவோம். வாய் என்பது வீடு, பற்கள் வீட்டார் என்கிறார். மேல்வரிசை வீட்டின் முக்கியஸ்தர்கள், கீழ்வரிசை அடுத்த நிலையினர். வலப்பக்கம் ஆண்கள், இடப்பக்கம் பெண்கள். முன்பல் இளையவர், கோரைப்பல் நடுவயதினர், கடைவாய்ப்பல் முதியவர். இதுவரை சாவுக்கணக்குதான். ஆனால் அடுத்து ஒன்று சொல்கிறார்: கடன்பட்டவனுக்குப் பல் விழுந்தால் கடன் அடையப்போகிறது. எகிப்திய ஏட்டில் சிவப்பு மையில் இருந்த கனவு, இங்கே ஆளைப் பொறுத்து நிறம் மாறிவிடுகிறது. உனக்குக் கடன் இருக்கிறதா என்று என்னைக் கேட்ட முதல் ஆள் இவர்தான். இருக்கிறது. அந்த வாரம் முழுவதும் என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான் என்பது, அவர் கேட்ட பிறகே எனக்கு உறைத்தது.

நாடி பார்ப்பவர்

ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை கனவை ஏழாகப் பிரிக்கிறது: கண்டது, கேட்டது, பட்டறிந்தது, விரும்பியது, கற்பனை செய்தது, வரப்போவதைக் காட்டுவது, வாத பித்த கப தோஷங்களால் வருவது. முதல் ஐந்தும் பலன் இல்லாதவை. பகற்கனவும் மிகச் சிறிய கனவும் மிக நீண்ட கனவும்கூடக் கழிவுதான். ஆக, பலனை நம்பிய வைத்தியரே ஏழில் ஐந்தைக் கூடையில் போட்டுவிட்டார். இந்தச் சலிப்புக்காகவே அவருக்கு ஒரு வணக்கம் வைக்கலாம்.

அரிஸ்டாட்டில் இன்னும் கறாரானவர். கனவைக் கடவுள் அனுப்புவதானால் கண்டவர்களுக்கெல்லாமா அனுப்புவார், அறிவாளிகளுக்கு அல்லவா அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார். ஆனால் ஒரு வாசலைத் திறந்து வைக்கிறார். தூக்கத்தில் சின்ன அசைவும் பெரிதாகிவிடும்: காதில் ஒரு மெல்லிய ஒலி, கனவில் இடி, உடலில் எங்கோ சிறு சூடு, கனவில் தீ மிதிப்பது. நோய்களின் தொடக்கமும் சிறிதாகவே இருப்பதால், பகலில் தெரியாதது இரவில் தெரியலாம். முன்னறிவிப்பு என்பதற்கு நான் ஏற்கத் தயாராக இருக்கும் ஒரே பொருள் இதுதான். 2018இல் வெளியான ஓர் ஆய்வு பல் கனவையே எடுத்துக்கொண்டது. அந்தக் கனவு மன உளைச்சலோடு தொடர்பு காட்டவில்லை; விழிக்கும்போது பல்லிலும் ஈறிலும் தாடையிலும் இருக்கும் இறுக்கத்தோடுதான் தொடர்பு காட்டியது. அரிஸ்டாட்டில் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார். நானும் அன்று காலை தாடையைத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். பற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

புரண்டு படுப்பது

கி.மு. 44இல் சிசரோ எழுதிய உரையாடலில் அவருடைய தம்பி குவிண்டஸ் கனவுகளின் பக்கம் பேசுகிறார். அவர் சொல்லும் ஒரு கதை இன்றும் மயிர்க்கூச்செறிய வைக்கும். இரண்டு நண்பர்கள் மெகாராவுக்கு வருகிறார்கள். ஒருவன் சத்திரத்தில் தங்குகிறான், மற்றவன் தெரிந்தவர் வீட்டில். இரவில் சத்திரத்து நண்பன் கனவில் வந்து, சத்திரக்காரன் என்னைக் கொல்லப் போகிறான், ஓடி வா என்கிறான். எழுந்தவன், கனவுதானே என்று மறுபடி படுக்கிறான். மீண்டும் கனவு: என்னைக் கொன்றுவிட்டான், உடலை வண்டியில் போட்டு எருவால் மூடியிருக்கிறான், விடியற்காலையில் நகர வாயிலுக்கு வா. போகிறான். வண்டி இருக்கிறது. உடலும் இருக்கிறது.

சிசரோவின் பதில் சுருக்கமானது. நாள் முழுக்க ஈட்டி எறிகிறவன் ஒருமுறையாவது இலக்கில் அடிக்காமலா இருப்பான்? இரவுதோறும் கனவு காண்கிறோம். அவற்றில் ஒன்று நடப்பில் பொருந்தினால் வியக்க என்ன இருக்கிறது? சிசரோ என்னிடம் கேட்டது, நீ இதுவரை எத்தனை முறை பல் விழக் கண்டாய், எத்தனை முறை சாவு விழுந்தது என்ற கணக்கு. எண்ணிப் பார்த்தேன். ஈட்டிகள் நிறைய, இலக்கில் ஒன்றும் இல்லை.

ஆக, போகலாமா வேண்டாமா என்ற கேள்வியோடு நிற்பவருக்கு என் யோசனை இது. பயணம், கையெழுத்து போன்ற முடிவுகளுக்கு சிசரோ. அந்த ஈட்டிக் கணக்கைப் போட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பலாம். அதே கனவு திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அரிஸ்டாட்டில், அதாவது உடலை ஒரு மருத்துவரிடம் காட்டுவது. அதிலும் ஒன்றும் இல்லையென்றால் ஆர்ட்டெமிடோரஸின் கேள்விகளை எடுத்துக்கொண்டு நமக்கு நாமே உட்காரலாம். பதில்களைவிட அவருடைய கேள்விகள் நன்றாக இருக்கும். ஏட்டைப் பொழுதுபோக்காகப் புரட்டலாம், விடியற்காலையில் மட்டும் வேண்டாம். கூலிக்குச் சொல்பவரிடம், அதுவும் முடிவெடுக்கும் நாளில், போகவே கூடாது. கெட்டதாக ஒரு சொல் காதில் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. ராவாவால் முடியவில்லை.

இந்த வரிசையில் எதிலும் சேராத ஒருத்தி உண்டு. சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்கிறாள்: கணவன் கைப்பிடித்துப் போனான், ஒரு பெரிய ஊருக்குள் போனோம், அங்கே எங்கள்மேல் தகாத பழி ஒன்றைப் போட்டார்கள், அதனால் கோவலனுக்குத் தீங்கு வந்தது, நான் அரசன் முன் வழக்குரைத்தேன். இவ்வளவும் சொன்னவள், கடைசியில் எங்களுக்குக் கிடைத்ததைச் சொன்னால் உனக்குச் சிரிப்பு வரும் என்று அந்த முடிவை மட்டும் தன்னிடமே வைத்துக்கொள்கிறாள். தேவந்தியிடம் விளக்கமும் தயார், பரிகாரமும் தயார். போன பிறவியில் தவறிய நோன்பு ஒன்று இருக்கிறது. சோமகுண்டம், சூரியகுண்டம் துறைகளில் மூழ்கிக் காமவேள் கோட்டத்தைத் தொழுதால் கணவனோடு இன்புறலாம், ஒரு நாள் போய் ஆடுவோம் வா என்கிறாள்.

"பீடு அன்று" என்றாள் கண்ணகி. அது எனக்குப் பெருமை ஆகாது. சொல்லிவிட்டு இருந்துவிட்டாள். அந்த நேரத்தில்தான் கோவலன் வாசலில் வந்து நிற்கிறான். இழந்த பொருளை மதுரையில் போய் ஈட்டலாம் என்கிறான். கனவில் கண்ட கையும் அதே கை, போகிற ஊரும் பெரிய ஊர். அவள் அதைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கதிரவன் இருளை நீக்கும் முன்பே இருவரும் புறப்பட்டுவிட்டார்கள்.